மன்னார்க் கூத்தும் பெண்குரலும்: தொனி வேறுபாடுகளின் சமூக வரலாறு

ஈழத்துத் தமிழ்க் கூத்துப் பற்றிய ஆய்வுகள் கடந்த பல பத்தாண்டுகளிற் பெருகியுள்ளன. ஆட்டமுறை, தாளக்கட்டு, உடையலங்காரம், களரியமைப்பு, ஏட்டுப்பிரதிகளின் பாடபேதம் ஆகியவை பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆயினும், கூத்து முதன்மையாகக் காதுக்குரிய கலையாக விளங்கும் மன்னார்ப் பகுதியிலேகூட, குரல் பற்றிய ஆய்வு போதியளவு நிகழவில்லை. அதிலும் பெண்பாத்திரங்களின் குரல் பற்றி எவரும் விரிவாக நோக்கியதாகத் தெரியவில்லை. இக்குறையை ஓரளவு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எழுப்பும் வினா எளிமையானது. கூத்திலே அரசி, அன்னை, கன்னி, தோழி எனப் பெண்கள் பலர் வருகின்றனர். அவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு தொனியிற் பாடுகின்றனர். ஆயின் அக்குரல்களுள் ஒன்றேனும் நெடுங்காலம் ஒரு பெண்ணின் மிடற்றிலிருந்து பிறக்கவில்லை. இது ஏன்? பெண்ணின் குரல் மேடைக்குப் பொருந்தாது என்பது இதற்குக் கூறப்படும் வழமையான விடை. அவ்விடை இசையியல் உண்மையா, அன்றேல் சமூக வழக்கமொன்று இசையியலின் போர்வையைப் போர்த்து நிற்பதா என்பதை ஆராய்தல் வேண்டும்.

1. குரலும் அதன் வகைப்பாடும்

தமிழிசை மரபில் ஏழு சுரங்களுள் முதலாவதற்குக் 'குரல்' என்றே பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழிசைகள். பாடுவோரின் மிடற்றோசையைக் குறிக்கும் சொல்லே ஆதார சுரத்தையும் குறித்தமை மனங்கொள்ளத்தக்கது. ஒருவர் எந்தக் குரலை ஆதாரமாகக் கொள்கின்றாரோ அதிலிருந்தே ஏனைய சுரங்கள் யாவும் நிலைபெறும். யாருடைய குரல் ஆதாரமாகக் கொள்ளப்படுகின்றது என்ற வினா இசைக்கு மாத்திரமன்றிச் சமூகத்துக்கும் உரியது என்பதைப் பின்னர் காண்போம்.

பெண்குரல்களிடையேயுள்ள தொனி வேறுபாட்டை மிக நுணுக்கமாக வகுத்துப் பெயரிட்ட கலை ஐரோப்பிய ஒபெராவாகும். உச்சத்திற் சஞ்சரிக்கும் சொப்பிரானோ, இடைநிலையிலுள்ள மெற்சோ சொப்பிரானோ, தாழ்ந்து கனத்து ஒலிக்கும் கொன்றால்ட்டோ என்பன அதன் மூன்று பெரும் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவினுள்ளும் உட்பிரிவுகள் உண்டு. சொப்பிரானோக்களுள் விரைவான பிருகாக்களுக்கு ஏற்ற இலேசான குரல், உணர்ச்சி நெகிழ்வுக்குரிய இனிய குரல், பெரும் வாத்தியக் குழுவை ஊடறுத்துச் செல்லும் வலிய குரல் எனப் பிரிப்பர். ஒருவரின் வீச்செல்லை மட்டும் இப்பிரிவைத் தீர்மானிப்பதில்லை. ஒரே சுரத்தைப் பாடும் இருவரிடத்துக் குரலின் நிறமும் எடையும் வேறுபடும்.

இவ்வேறுபாட்டின் உடலியற் காரணம் இன்று தெளிவாகியுள்ளது. குரல்நாண்களின் நீளம், தடிப்பு, இழுவை ஆகியவை சுருதியைத் தீர்மானிக்கின்றன. வளர்ந்த பெண்களிடத்து அவற்றின் நீளம் ஏறத்தாழ 12.5 முதல் 17.5 மில்லிமீற்றர், ஆண்களிடத்து ஏறத்தாழ 17.5 முதல் 25 மில்லிமீற்றர். ஆயின் தொனியைத் தீர்மானிப்பது நாண்கள் மாத்திரமன்று. தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகள் எந்தெந்த அதிர்வுகளை வலுப்படுத்துகின்றன என்பதே ஒருவரின் குரலை மற்றவருடையதினின்றும் பிரித்துக் காட்டுகின்றது. 1970களில் சுவீடன் நாட்டு அறிஞர் யொகான் சுந்துபேர்க் மேற்கொண்ட ஆய்வுகள், பயிற்சிபெற்ற ஆண் ஒபெராப் பாடகரின் குரலிற் செக்கனுக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுகளை அண்டிய பகுதி தனித்து வலுப்பெறுவதைக் காட்டின. வாத்தியக் குழுவின் ஓசை அப்பகுதியில் மெலிந்திருப்பதால், ஒலிவாங்கி இன்றியே ஒரு தனிக்குரல் அதனைக் கடந்து கேட்கின்றது. சொப்பிரானோக்கள் வேறொரு வழியைக் கையாள்கின்றனர். உச்ச சுரங்களிலே வாயை அகலத் திறந்து, வாயறையின் அதிர்வைப் பாடும் சுருதியோடு பொருத்திக் கொள்கின்றனர். இதனால் ஓசை பெருகும். ஆயின் உயிரெழுத்துக்கள் தம்முள் மயங்கிச் சொல் தெளிவிழக்கும்.

இங்கு ஒரு செய்தி எமக்கு முக்கியமானது. ஒபெராவின் வகைப்பாடு உடலியலோடு நின்றுவிடவில்லை. அது ஒழுக்கத்தையும் வகுத்தது. காதலுக்குரிய தூய தலைவி பெரும்பாலும் சொப்பிரானோ. போட்டியாளி, நாடோடிப் பெண், சூனியக்காரி, முதியவள் ஆகியோருக்கு மெற்சோவும் கொன்றால்ட்டோவும் ஒதுக்கப்பட்டன. வேர்டியின் 'இல் துரோவதோரே' (1853) நாடகத்தில் நாடோடித் தாயான அசுசேனாவும், 'அயிதா' (1871) நாடகத்திற் பொறாமைகொண்ட அரசிளங்குமரி அம்னெரிசும், பிசேயின் 'கார்மென்' (1875) நாடகத்தின் கட்டுக்கடங்காத தலைவியும் மெற்சோக் குரலினர். கறுப்பினப் பாடகியான மரியன் அன்டர்சன் உலகப் புகழ்பெற்ற கொன்றால்ட்டோ. 1939இல் வாசிங்டனின் பெருமண்டபமொன்று நிறத்தைக் காரணங்காட்டி அவருக்குக் கதவடைத்தது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று மக்கள் பெருந்திரள் முன் பாடினார். 1955இல் நியூயோர்க் மெற்றொபொலிற்றன் ஒபெரா மேடையில் முதன்முதலாக ஒரு கறுப்பினப் பாடகியாக அவர் தோன்றியபோது அவருக்குக் கிடைத்த பாத்திரம் குறிசொல்லும் கிழவியாகும். குரல்வகைப்படி அது பொருத்தமானதே. ஆயின் தாழ்ந்த பெண்குரலுக்கு அக்கலை ஒதுக்கிவைத்த இடமும் அதுவே.

2. மன்னார்க் கூத்திற் பெண்பாத்திரக் குரல்

மன்னார் மாவட்டத்தின் கூத்துமரபு பெரும்பாலும் கத்தோலிக்க மக்களிடையே பயின்று வந்தது. மன்னார்த் தீவின் பேசாலை, தாழ்வுபாடு முதலாம் ஊர்களிலும், பெருநிலப்பரப்பின் வங்காலை, விடத்தல்தீவு, நானாட்டான், முருங்கன் முதலாம் ஊர்களிலும் அது வேரூன்றி நின்றது. யாழ்ப்பாணப் பாங்கு எனப்படும் வடபாங்கு, மாதோட்டப் பாங்கு எனப்படும் தென்பாங்கு என இருவகை மரபுகள் இங்குண்டு. விடிய விடிய ஆடப்படும் நாடகங்களோடு, வசனம் விரவிய வாசகப்பாவும் வழக்கிலிருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இப்பகுதி நாடகங்களுட் சிலவற்றைப் பதிப்பித்து வெளிக்கொணர்ந்தார். எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்கள் இவ்வகையிற் பரவலாக அறியப்பட்டன.

மட்டக்களப்பு வடமோடிக் கூத்தோடு ஒப்பிடுகையில், கத்தோலிக்கக் கூத்துக்களில் ஆட்டம் குறைந்தும் பாட்டு மிகுந்தும் காணப்படும். விருத்தம், கலித்துறை, கொச்சகம், சிந்து, தரு எனச் செய்யுள் வகைகள் மாறும்போது பாத்திரத்தின் மனநிலையும் மாறுகின்றது. அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார்; பிற்பாட்டுக்காரர் பாத்திரம் பாடிய அடியை ஏற்றுப் பாடுவர். திறந்த வெளியில், கடற்காற்றின் இரைச்சலுக்கிடையே, நூற்றுக்கணக்கானோர் கேட்கப் பாடவேண்டும். எனவே குரலின் கணீர்த்தன்மையே அண்ணாவியார் ஒருவரைப் பாத்திரத்துக்குத் தெரிவதற்கு முதன்மையான அளவுகோலாயிற்று. ஒபெராப் பாடகரும் கூத்துக் கலைஞரும் இவ்வகையில் ஒரே சிக்கலுக்கு முகங்கொடுத்தவர்களே. ஒலிவாங்கியில்லாக் காலத்தில் தனிமனிதக் குரலொன்று எங்ஙனம் கூட்டத்தைச் சென்றடைவது என்பதே அச்சிக்கல்.

ஆயின் ஒரு வேறுபாடுண்டு. ஒபெரா அவையோர் பலர் கதையை முன்னரே அறிந்து இசையை நுகரச் சென்றவர்கள். சொல் மயங்கினும் அவர்கள் பொறுத்துக் கொள்வர். கூத்தவையோர் சொல்லைக் கேட்க வந்தவர்கள். வேதசாட்சிகளின் கதையும் மறையுண்மையும் பாட்டின் வழியே அவர்களைச் சென்றடைந்தன. எழுத்தறிவு பரவாத காலத்திற் கூத்தே அவர்தம் நூலாகவும் விளங்கிற்று. ஆதலாற் கூத்துக்குரல் சொல்தெளிவை இழக்குமளவு உயரவியலாது. உரத்தும் தெளிந்தும் ஒலிக்கும் முழுமிடற்றுக் குரலே அதற்குத் தேவை.

பெண்பாத்திரம் ஏற்ற ஆண்கலைஞர் இதனை எங்ஙனம் எதிர்கொண்டனர்? அவர்கள் முன்னே இரு வழிகள் இருந்தன. ஒன்று, இசைவழக்கிற் கள்ளத்தொண்டை எனப்படும் பொய்க்குரலாற் பெண்ணோசையைப் போலச்செய்தல். இது மென்மை தரும். ஆயின் வலு குன்றும். மற்றையது, தம் இயல்பான குரலின் மேற்பகுதியிலேயே நின்று, அசைவினாலும் இழைவினாலும் சொல்லின் குழைவினாலும் பெண்மையை உணர்த்துதல். நீண்ட இரவின் திறந்தவெளி அரங்கு இரண்டாவது வழிக்கே இடங்கொடுக்கும். ஆகவே கூத்தில் அரசியின் பெருமிதமும், கன்னியின் நாணமும், அன்னையின் புலம்பலும் குரலின் உயரத்தினாலன்றி, மெட்டினாலும் இழுவையினாலும் அழுத்தத்தினாலுமே வேறுபடுத்தப்பட்டன. ஒபெரா நான்கு பெண்களின் நான்கு தொண்டைகளிடம் ஒப்படைத்ததைக் கூத்து ஆண்களின் பாடும் முறையிடம் ஒப்படைத்தது.

இதன் உச்சத்தை ஞானசவுந்தரியிற் காணலாம். மாற்றாந்தாயின் சூழ்ச்சியாற் காட்டுக்கு இட்டுச்செல்லப்பட்டுக் கைகள் வெட்டுண்ட பெண்ணொருத்தியின் துயரே அந்நாடகத்தின் உயிர். பெண்ணின் கை வெட்டுண்ட கதையை, பெண்ணின் குரலை விலக்கிய அரங்கு, ஆணின் மிடற்றினாற் பாடி, பெண்கள் நிறைந்த அவையை அழவைத்தது. இம்முரண்பாடு மன்னாருக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்து இசைநாடக மரபிலே வி. வி. வைரமுத்து (1924 – 1989) புகழ்பெறச் செய்த அரிச்சந்திர மயானகாண்டத்திலும், மகனைப் பறிகொடுத்த சந்திரமதியின் புலம்பல் ஆண்கலைஞராலேயே பாடப்பட்டது. அக்கலைஞர்களின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அவர்கள் பாடிய புலம்பல் யாரிடமிருந்து வந்தது என்று கேட்பது எமது கடமை.

3. உரோமாபுரியும் மாதோட்டமும்

பெண்பாத்திரத்தை ஆண் ஏற்பது இந்துக் கூத்திலும் பொதுவழக்கே. ஆதலின் இதனைக் கத்தோலிக்கத் திருச்சபையின் விளைவு எனக் கொள்வது தவறாகும். எனினும், மன்னாரிலே இரண்டு மரபுகளின் தடைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன எனலாம். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழக்கும்வரை அங்கு நிலைத்திருந்த காலத்தில், ஐரோப்பாவின் கத்தோலிக்க நடுநாடான உரோமாபுரியிலும் பெண்ணின் குரல் அரங்கினின்றும் விலக்கப்பட்டிருந்தது.

பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1588இல் பெண்கள் மேடையேறுவதைத் தம் ஆட்சிப்பகுதியில் தடைசெய்தார். கோவிற் பாடற்குழுவிலும் பெண்ணுக்கு இடமில்லை. ஆயின் உச்சக்குரல் இசைக்குத் தேவைப்பட்டது. விளைவு யாது? பூப்புக்கு முன்னரே விதையடிக்கப்பட்ட சிறுவர்கள் உச்சக்குரற் பாடகராக வளர்க்கப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரினெல்லி (1705 – 1782) போன்றோர் ஐரோப்பா முழுவதையும் மயக்கினர். இம்மரபின் இறுதிப் பாடகர்களுள் ஒருவரான அலெசாந்திரோ மொரெஸ்கி (1858 – 1922) பாடிய பாடல்கள் 1902இலும் 1904இலும் இசைத்தட்டிற் பதிவாயின. பெண்களைப் பாடவிடாமைக்காகச் சமூகமொன்று ஆண்மக்களின் உடலையே சிதைத்தது என்பது, 'பெண்குரல் பொருந்தாது' என்னும் வாதத்தின் பொய்ம்மையைத் துலக்கமாகக் காட்டுகின்றது. வேண்டப்பட்டது பெண்குரலின் தொனியே, வேண்டப்படாதவள் பெண்.

விதையடிப்பு மரபு மறைந்த பின்னரும் தடை நீங்கவில்லை. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1903இல் திருவழிபாட்டிசை பற்றி வெளியிட்ட ஆணை, பாடற்குழுவினர் திருப்பணி ஆற்றுவோர் என்றும், அப்பணிக்குப் பெண்கள் தகுதியற்றோர் என்றும், உச்சக்குரல் வேண்டுமாயிற் சிறுவரைப் பயன்படுத்துக என்றும் விதித்தது. பன்னிரண்டாம் பத்திநாதரின் 1955ஆம் ஆண்டுச் சுற்றுமடலும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து 1967இல் வெளியான இசை பற்றிய அறிவுறுத்தலுமே இதனைப் படிப்படியாகத் தளர்த்தின.

தமிழ்ச் சமூகத்தின் தடை வேறு காரணத்தாற் பிறந்தது. பொதுவிடத்திற் பாடும் பெண், கோயிலைச் சார்ந்த கணிகையர் குலத்தோடு இணைத்து நோக்கப்பட்டாள். சங்ககாலப் பாடினியும் விறலியும் பெற்ற மதிப்பு, நிலவுடைமைச் சமூகத்திற் குடும்பப்பெண் வேறு, கலைப்பெண் வேறு எனப் பிளவுண்டது. குடும்பப்பெண்ணின் குரல் வாசற்படிக்குள் அடங்க வேண்டியதாயிற்று. மாதோட்டத்து உழவர் குடும்பத்திலும் பேசாலைக் கடற்றொழிலாளர் குடும்பத்திலும் இவ்வொழுக்கம் ஒரே வகையாகத் தொழிற்பட்டது எனக் கூறவியலாது. ஆயின் கூத்துக்களரி ஊரின் பொதுவிடமாகவும், ஊரதிகாரம் தன்னை வெளிப்படுத்தும் இடமாகவும் அமைந்தமையால், அங்கு ஆண்களே நின்றனர்.

4. பெண்கள் பாடிய இடங்கள்

களரியிற் பாடாத பெண்கள் மௌனமாக இருந்தனரா? இல்லை. மன்னார் நாட்டுப்பாடல்களுட் கணிசமான பகுதி பெண்களின் வாய்மொழியே. தொட்டிலருகிற் தாலாட்டு, கட்டுக்கரைக்குளத்தின் நீர்பாயும் வயல்களிற் வேலைப்பாட்டு, முற்றத்திற் கும்மி, சாவீட்டில் ஒப்பாரி எனப் பெண்குரலுக்கு உரிய களங்கள் பல இருந்தன. எருக்கலம்பிட்டி முதலாம் ஊர்களின் முஸ்லிம் பெண்களிடமும் தாலாட்டு மரபு செழித்திருந்தது. இக்களங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தொனியை வேண்டின. தாலாட்டு மூச்சுக் கலந்த தாழ்ந்த குரலிற் பிறக்கும். வயற்பாட்டு மார்பிலிருந்து எழும் திறந்த குரலை வேண்டும். கும்மி குழுவின் ஒருமித்த ஓசைக்குள் தனிக்குரலைக் கரைக்கும்.

ஒப்பாரி இவையனைத்தினும் வேறானது. உச்சத்தில் எடுத்து, படிப்படியாக இறங்கி, அடியின் ஈற்றில் விம்மலாக உடையும் அதன் போக்கு எளிதிற் கைவராதது. குரல் உடையும் இடத்தைப் பயின்ற ஒப்பாரிக்காரி தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கிறாள். நெய்தல் நிலத்தின் உரிப்பொருளாக இரங்கலைத் தொல்காப்பிய மரபு வகுத்ததும், விளரி என்னும் பெயர் இரங்கற்பண்ணோடு இணைந்து வழங்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கன. கடலோர மக்களின் இசையுணர்வில் இரங்கல் நெடுங்காலமாகவே மையம் பெற்றிருந்தது.

கத்தோலிக்க மரபு இவ்விரங்கலுக்கு ஒரு புதிய களத்தை அளித்தது. கோவாவிலிருந்து ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் இலங்கைக்கு வந்து மறைப்பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676 – 1742) தமிழில் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்திற் கோயில்கள்தோறும் நீட்டி இசைத்துப் படிக்கப்பட்டது. இயேசுவின் பாடுகளையும் அன்னை மரியாளின் துயரையும் கூறும் பசாம் பாடல்களிலே தமிழ்த்தாயின் ஒப்பாரி கேட்கின்றது. பேசாலையின் உடக்குப்பாஸ் மரபும் இவ்வுணர்வையே மையமாகக் கொண்டது. பெண்கள் வீட்டிலும் சாவிலும் வளர்த்தெடுத்த தொனியொன்று, புனிதத்தின் ஏற்புப் பெற்றுக் கோயிலுக்குள் நுழைந்தது. அங்கிருந்தும் சாவீட்டிலிருந்தும் அதனைக் கேட்டு வளர்ந்த ஆண்களே, களரியில் ஞானசவுந்தரியாகப் புலம்பினர். கூத்தின் பெண்குரல் ஆணின் கற்பனையிற் பிறந்தது என்பதினும், அது பெண்களிடமிருந்து பெயர்பெறாது பெறப்பட்டது என்பதே பொருத்தமாகும்.

5. கப்பல்வழி வந்த பாடகியரும் சுருதிக் கணக்கும்

பெண்குரல் திறந்த மேடைக்குப் பொருந்தும் என்பதற்கான சான்று மன்னாரின் வாசல்வழியாகவே சென்றது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற்சேவை தொடங்கி, இருபுறத்துப் புகையிரதப் பாதைகளும் இணைந்தன. தமிழகத்திலிருந்து கொழும்புக்குச் செல்வோருக்கு அதுவே பெருவழியாயிற்று. தமிழக நாடகக்குழுக்கள் ஈழத்துக்கு அடிக்கடி வந்துசென்ற காலம் அது. கே. பி. சுந்தராம்பாள் (1908 – 1980) இளவயதிலேயே கொழும்பு மேடைகளிற் பாடிப் புகழ்பெற்றார். எஸ். ஜி. கிட்டப்பாவோடு (1906 – 1933) அவர் இணைந்து நடிக்கத் தொடங்கியதும் 1926இற் கொழும்பிலேயே.

அவ்விருவரும் பாடிய சுருதி எமது ஆய்வுக்கு முக்கியமானது. தமிழ் வழக்கில் ஒரு கட்டை என்பது ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக்கட்டை. இன்றைய கருநாடக இசையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைச் சுருதியிலும், பெண்கள் ஐந்து முதல் ஆறு கட்டைச் சுருதியிலும் பாடுகின்றனர். எண்களிற் கூறின், ஆணின் ஆதார சட்சம் செக்கனுக்கு ஏறத்தாழ 131 முதல் 147 அதிர்வுகள்; பெண்ணின் ஆதார சட்சம் 196 முதல் 220 அதிர்வுகள். கிட்டப்பாவோ ஐந்து கட்டையளவிற் பாடியவர். ஒலிவாங்கியற்ற மேடை ஆணின் குரலை அதன் உச்சத்துக்குத் தள்ளியது. அவ்வுச்சத்தில் ஆணும் பெண்ணும் ஒரே ஆதார சுருதியிற் சந்தித்தனர். ஐந்து கட்டையில் மேற்பஞ்சமம் ஏறத்தாழ 588 அதிர்வுகள். ஆணுக்கு அது எல்லை. பெண்ணுக்கு முழுமிடற்றோடு, சொல் தெளிவுறப் பாடத்தக்க உயரம். சுந்தராம்பாளின் குரல் கிட்டப்பாவின் குரலுக்கு ஈடுகொடுத்ததில் வியப்பில்லை. அவர் 'நந்தனார்' (1935) திரைப்படத்தில் ஆண்பாத்திரத்தையே ஏற்றுப் பாடினார். ஒபெராவிலும் மெற்சோக் குரலினர் இளைஞர் வேடம் ஏற்பது மரபே. மொசாற்றின் 'பிகாரோவின் திருமணம்' (1786) அதற்குச் சான்று.

இனி, ஒலிபெருக்கி வந்த பின்னர் நிகழ்ந்ததை நோக்குவோம். உரக்கப் பாடவேண்டிய தேவை நீங்கியதும் தமிழிசை மேடையில் ஆண்களின் சுருதி இறங்கியது. கூத்துக்களரிக்கும் ஒலிவாங்கி வந்து சேர்ந்தது. இந்நிலையில் பெண்ணொருத்தி களரிக்கு வருகின்றாள் எனக் கொள்வோம். குழுவின் சுருதி இரண்டு கட்டை. அதே தானத்தில் அவள் பாடுவாளாயின் ஆதாரம் 147 அதிர்வுகள், கீழ்ப்பஞ்சமம் 110. பெரும்பாலான பெண்களுக்கு இது மூச்சாக மட்டுமே ஒலிக்கும். ஒரு தானம் மேலே சென்றால் ஆதாரம் 294, மேற்சட்சம் 587, மேற்பஞ்சமம் 880. இது ஒபெராச் சொப்பிரானோவின் எல்லை. நாம் முன்னர் கண்டதுபோல் அவ்வுயரத்தில் உயிரெழுத்துக்கள் மயங்கிச் சொல் கெடும். கீழே பாடினால் 'குரல் எழும்பவில்லை' என்பர். மேலே பாடினால் 'கீச்சிடுகின்றது, சொல் விளங்கவில்லை' என்பர். இரு தீர்ப்புக்களும் காதுக்கு உண்மையே. ஆயின் குற்றம் அவள் குரலில் இல்லை. யாருடைய குரலை ஆதாரமாகக் கொண்டு சுருதி வைக்கப்பட்டது என்பதில் இருக்கின்றது. சுருதியை இடையில் மாற்றியோ, நான்கு ஐந்து கட்டைக்கு உயர்த்தியோ பாடினால் இச்சிக்கல் பெருமளவு தீரும். பழைய மேடை அவ்வுயரத்திலேதான் நின்றது என்பதையும் மறத்தலாகாது.

6. வானொலியும் 'இனிய குரல்' என்னும் இலட்சியமும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து திரையிசை இன்னொரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவை அதனை மன்னாரின் குடிசைகள்வரை எடுத்துச் சென்றது. பி. சுசீலாவின் தெளிந்த இனிய குரல் குடும்பத் தலைவிக்கு உரியதாகவும், எல். ஆர். ஈஸ்வரியின் துள்ளலும் அழுத்தமும் கொண்ட குரல் பெரும்பாலும் களியாட்டப் பெண்ணுக்கு உரியதாகவும் ஆக்கப்பட்டன. இருவரும் ஒப்பற்ற பாடகியர். ஆயின் ஒபெரா சொப்பிரானோவுக்கும் மெற்சோவுக்கும் செய்ததையே திரையுலகமும் செய்தது. தொனியைக் கொண்டு பெண்ணின் ஒழுக்கத்தைக் கேட்குமாறு செவிகள் பழக்கப்பட்டன.

இதன் விளைவாக, சுந்தராம்பாளின் கம்பீரமும், வயலிற் பாடிய பெண்ணின் திறந்த குரலும், ஒப்பாரிக்காரியின் உடையுங் குரலும் 'பெண்மையற்றவை' எனக் கருதப்படலாயின. டி. கே. பட்டம்மாளின் (1919 – 2009) தாழ்ந்து கனத்த குரல் கச்சேரி மேடையில் மதிப்புப் பெற்றது உண்மை. ஆயின் அது திரையின் இலட்சியமாகவில்லை. ஒபெரா உலகில் மரியா கலாஸ் (1923 – 1977), ரெனாத்தா தெபால்டி (1922 – 2004) ஆகியோரைச் சுற்றி 1950களில் எழுந்த விவாதமும் இவ்வகையினதே. தெபால்டியின் குரல் அழகு எனப்பட்டது. கலாஸின் குரலிற் கரகரப்பும் சமனின்மையும் உண்டு எனப்பட்டது. ஆயின் கலாஸ் அத்தொனி வேறுபாடுகளையே பாத்திரத்தின் உண்மையாக மாற்றினார். கூத்துக்கு வேண்டியது அழகிய குரலா, உண்மையான குரலா என்னும் வினாவுக்கு இது வழிகாட்டும்.

7. முடிவுரை

1990ஆம் ஆண்டு மன்னாரின் வரலாற்றிற் பேரிடி. வட மாகாண முஸ்லிம் மக்கள் அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்கள் பலர் கடல்கடந்து இராமேசுவரம் சென்றனர். 2009வரை நீடித்த போர் ஊர்களைக் கலைத்தது. ஊர் கலையும்போது கூத்துக் கலைந்தது. ஏடும் கொப்பியும் மீட்கப்படலாம். பாடிய குரல் பதிவாகாது போயின் மீளாது. ஆண் அண்ணாவிமாரின் பாடல்களாவது ஓரளவு பதிவாகியுள்ளன. தாலாட்டும் வயற்பாட்டும் ஒப்பாரியும் பசாமும் அறிந்த மூதாட்டியரின் குரல்களைத் தேடிப் பதிவோர் குறைவு. பாடல்வரிகளை எழுதிக்கொள்வது மட்டும் போதாது. தொனியே இங்கு செய்தி. அதனை எழுத்துத் தாங்காது.

இன்று கோயிற் பாடற்குழுக்களிற் பெண்கள் முன்னிற்கின்றனர். பாடசாலைக் கூத்துக்களில் மாணவியர் பாடி ஆடுகின்றனர். திருமறைக் கலாமன்றம் போன்ற அமைப்புக்களின் மேடைகளிலும் பெண்கள் பங்கேற்று வந்துள்ளனர். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் நின்று எழுப்பிய புலம்பல், ஒப்பாரி வீட்டுக்குள் அடங்கும் கலை என்ற எண்ணத்தையே தகர்த்துள்ளது. அத்தாய்மாரின் குரல் திறந்தவெளிக்குப் பொருந்தாது என எவரும் கூறத் துணியார்.

எனவே மூன்று பணிகள் எம்முன் உள்ளன. முதலாவது, மன்னார்ப் பெண்களின் பாடல்களைத் தொனி விளங்க ஒலிப்பதிவு செய்தல். இரண்டாவது, கூத்துப் பயிற்சியிற் பெண்கள் சேரும்போது அவர்தம் குரலுக்கேற்பச் சுருதியை அமைத்துப் பரிசோதித்தல். மூன்றாவது, கூத்தின் பெண்பாத்திர மெட்டுக்களை ஒப்பாரி, பசாம் மெட்டுக்களோடு ஒப்பிட்டு, பெண்களிடமிருந்து களரி பெற்றுக்கொண்ட கடனைக் கணக்கிடுதல். இவற்றைச் செய்யாது மரபைப் பேணுவதாகக் கூறுவது, பாதிக்குரலைப் பேணுவதாகவே முடியும்.

பெண்குரல்களிடையேயுள்ள வேறுபாடு இயற்கை தந்த செல்வம். அவ்வேறுபாட்டுக்கு உயர்வு தாழ்வும், தூய்மை மாசும், பொருத்தம் பொருத்தமின்மையும் கற்பித்தது சமூகம். ஆணின் சுருதியே ஆதாரமாக நின்றவரை, பெண்ணின் குரல் பிசகாகவே கேட்டது. ஆதாரத்தை மாற்றி வைத்துக் கேட்பின், களரியில் நெடுங்காலம் கேளாதிருந்த ஞானசவுந்தரியின் சொந்தக்குரலை மாதோட்டத்து மக்கள் கேட்பர்.